முதல் பெயர்

வேதியியல் துறைத்தலைவர் தாண்டவராயனுக்கு ஒரு பழக்கம். துறையில் யார் மண்டையை உடைத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரை எழுதினாலும் முதல் பெயர் அவருடையதாக இருக்க வேண்டும்.

மதிப்பீட்டுக் குழு வெள்ளிக்கிழமை வருகிறது என்றதும் லேப் அட்டெண்டர் செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

"ஆராய்ச்சின்னா இந்தத் துறைதான்னு அவங்க வாயாலேயே சொல்லணும். மூணே நாள்தான். எந்தக் காகிதமானாலும் என் பேர் முதல்ல இருக்கணும்."

"எல்லாத்துலயுமாங்க ஐயா?"

"எல்லாத்துலயும்!"

லேப் கதவருகே செண்பகவல்லி ஒரு நோட்டுத் தொங்கவிட்டிருந்தாள். மாணவரோ ஆசிரியரோ, சோதனை சொதப்பினால் பெயரையும் நடந்ததையும் அதில் எழுதியாக வேண்டும். எழுதாதவருக்கு அடுத்த குடுவை கிடையாது. அதைப் படித்துத்தான் அடுத்தவர் வேலையையே தொடங்குவார். ஐயா சொன்னபடி அதன் முதல் வரியில் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை லேபுக்கு வந்த குழுத்தலைவி, தாண்டவராயன் நீட்டிய கட்டுரைக் கட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு நோட்டைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"ஆராய்ச்சின்னா இதுதாங்க!"

தாண்டவராயன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆனா முதல் பேருக்கு நேரா மட்டும் ஒண்ணுமே இல்லையே?"

"நான் தப்பே செஞ்சதில்லை மேடம்."

"நெசந்தாங்கம்மா," என்றாள் செண்பகவல்லி. "ஐயா லேபுக்குள்ள கால் வெச்சதே இன்னைக்குத்தான். தப்பு எங்கேருந்து வரும்?"

குழு முழுக்கச் சிரித்தது.

திங்கட்கிழமை காலை தாண்டவராயன் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு லேபுக்கு வந்தார். பதினோரு மணிக்குள் ஒரு குடுவை உடைந்தது. செண்பகவல்லி நோட்டையும் பேனாவையும் நீட்டினாள்.

"எழுதுங்க ஐயா. இடம் காலியாத்தான் இருக்கு."