கொடைவள்ளல் தொப்பை

ஒரு காலத்தில் திருநெல்வேலி அல்வாக் கடைக்காரர் பிரமநாயகத்தின் உடம்பில் ஒரு தொப்பையும் ஒரு முழங்காலும் குடியிருந்தன. தொப்பை மேல்வீடு, முழங்கால் கீழ்வீடு. மேல்வீடு நாளொரு மேனியாக வளர்ந்தது. கீழ்வீடு அதைச் சுமந்து சுமந்தே தேய்ந்தது.

மூட்டுக்குள் மெத்தை போலிருந்த குருத்தெலும்பு கரைந்து, எலும்போடு எலும்பு உரசியது. பிரமநாயகம் எழுந்து நிற்கும்போதெல்லாம் முழங்காலுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பாவம், அதன் ஆசை பெரிதில்லை. வலிக்காமல் ஒரு தடவை மாடிப்படி ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பிரமநாயகம் டாக்டரிடம் போனார். வயிற்றுக் கொழுப்பில் கொஞ்சம் எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களைப் பிரித்து மூட்டுக்குள் ஊசியாகப் போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். இது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற வைத்தியம், எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது, எப்படியானாலும் எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்றும் சொன்னார். முழங்கால் கடைசிப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. தொப்பைக்கு முதல் பேச்சே போதுமாயிருந்தது.

ஊசி போட்டார்கள். வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. முழங்கால் நன்றி சொல்லிச் சொல்லி மாய்ந்தது. அவ்வளவுதான், தொப்பையைக் கையில் பிடிக்க முடியவில்லை. நேற்று வரை வெறும் தொப்பை, இன்று தொப்பையண்ணாச்சி. முதல் ஆளாக அப்படிக் கூப்பிட்டது நாக்கு. அதன் கணக்கு அதற்கு.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவது அந்த ஊரில் மரியாதை இல்லை. சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸோடும் ஆப்பிளோடும் மைசூர்பாகோடும் வந்தார்கள். கொழுப்பை எடுத்த இடம் வெறுமையாகக் கிடக்கக் கூடாது, உடம்பைத் தேற்ற வேண்டும் என்று மனைவி கோமதி உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் மிதக்க மிதக்கக் கொடுத்தாள். பிரமநாயகம் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். தொப்பை பழைய சுற்றளவையும் தாண்டிப் போனது.

முழங்கால் தாங்கமாட்டாமல் வாயைத் திறந்தது. "அண்ணாச்சி, நீங்க குடுத்தது ஒரு கரண்டி. அதை நான் மறக்கல. ஆனா இந்தப் பாரம் என்னைக் கொன்னுரும். கொஞ்சம் இளைச்சிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தொப்பைக்கு வந்ததே கோபம். "நன்றி கெட்ட பயலே, நான் இளைச்சுட்டா நாளைக்கு உனக்கு யாரு குடுப்பா? உன்னை நெனச்சுத்தாம்லே ஒரு வாய் கூடத் திங்கேன்."

சில மாதங்களில் முழங்கால் வீங்கிவிட்டது. மறுபடியும் டாக்டர், மறுபடியும் எடை பார்க்கும் மெஷின். டாக்டர் முள்ளைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பிரமநாயகம் தொப்பையைச் செல்லமாகத் தட்டினார். "கவலைப்படாதீங்க டாக்டர். இந்தத் தடவை எடுக்கதுக்குத் தாராளமா இருக்கு."

இனி ஊசியெல்லாம் வேலைக்காகாது என்றார் டாக்டர். மூட்டு முழுக்கப் போய்விட்டது, இதை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டுதான் வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

முழங்கால் வெலவெலத்துப் போனது. ஏறாத மாடிப்படி ஏறாததாகவே நின்றுவிட்டது. முழங்காலைப் பார்க்கத் தொப்பைக்கே மனம் இளகியது. மெல்லக் கீழே சரிந்து, ஆதரவாகச் சொன்னது:

"நீ நிம்மதியாப் போலே. புதுசா வாரவனை நான் பாத்துக்கிடுதேன்."