வேப்பிலை வாசலில் வெளியாள்

கதையைக் கடைசிவரை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நடுவில் "அது எப்படி?" என்று எழும்புகிறவர்களுக்கு நான் பதில் சொல்லமாட்டேன். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அங்கே ஐயாத்துரை, அவன் மனைவி செண்பகவல்லி, எட்டு வயது மகள் பிரியா. ஐயாத்துரைக்கு ஒரே தங்கை முப்பிடாதி, ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். முப்பது வயதில் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. கெடுத்தது வெளியிலிருந்து வந்த கிருமி இல்லை. நோயைத் தடுக்க உடம்புக்குள் ஒரு காவல் உண்டல்லவா, அந்தக் காவலே புத்தி தடுமாறி அவளுடைய சொந்தச் சிறுநீரகத்தைக் குதறிவிட்டது. வளர்த்த நாய் வீட்டுக்காரனையே கடித்த கதைதான்.

ஐயாத்துரை யோசிக்கவே இல்லை. தன் சிறுநீரகம் ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தான். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"எம் மவளுக்கு ஒண்ணுன்னா நீ முத ஆளா வந்து நிக்கணும்."

"நிப்பேண்ணே" என்று அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள் முப்பிடாதி.

அறுவை முடிந்த வாரம் இருவரும் படுக்கையில் கிடந்தார்கள். டாக்டரம்மா சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் செண்பகவல்லி ஒருத்திதான். "இந்த மாத்திரைதான் இவங்க உடம்போட காவலைத் தட்டி உக்கார வச்சிருக்கு. நிறுத்தினா அது எந்திரிச்சு, புதுசா வந்த சிறுநீரகத்தைத்தான் முதல்ல அடிக்கும். ஆனா காவல் உக்காந்திருக்கிறதால அம்மை, காசம் எது வந்தாலும் இவங்களுக்குத் தாங்காது. ரெண்டையும் ஞாபகம் வச்சிக்கோங்க." செண்பகவல்லி வைத்துக்கொண்டாள்.

சொந்தபந்தம் சும்மா இருக்குமா? "கூடப் பிறந்தவன் குடுத்ததுக்கு எதுக்குட்டி மாத்திரை? ஒரே ரத்தம், உடம்பு ஏத்துக்காதா?" என்று முப்பிடாதியைப் பிடுங்கி எடுத்தார்கள். ஐயாத்துரைக்கும் உள்ளுக்குள் அதே வருத்தம். நான் கொடுத்ததைக் களவுப் பொருளைப் போல மாத்திரை போட்டு மறைக்கிறாளே என்று நினைத்தான்.

இரண்டு வருஷம் ஓடியது. பங்குனி வெயிலில் பிரியாவுக்கு அம்மை கண்டது. வாசலில் வேப்பிலை கட்டினார்கள். பிள்ளை காய்ச்சலில் "அத்தே, அத்தே" என்று அரற்றியது. ஐயாத்துரையால் பொறுக்க முடியவில்லை. மனைவிக்குத் தெரியாமல் தங்கைக்குப் போன் போட்டான். "அம்மை கண்ட வீட்டுக்கு மருந்து மாத்திரை ஆகாது. ரெண்டு நாளைக்கு நிறுத்திட்டு வா. நிறுத்தினா எதிர்ப்புச் சக்தியும் ஏறும்லா" என்றான். பெரிய கெட்டிக்காரன்.

மறுநாள் பகலில் முப்பிடாதி பையோடு தெருவில் வருவதைப் பார்த்தபோதுதான் செண்பகவல்லிக்கு விஷயம் தெரிந்தது. ஐயாத்துரைக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருக்கிறது, நெற்றியில் தழும்பு உண்டு. அப்போது கைக்குழந்தையான முப்பிடாதியைச் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அவளுக்கு இதுவரை அம்மை கண்டதே இல்லை.

செண்பகவல்லி கதவைச் சாத்திவிட்டு, படியில் இறங்கி வழிமறித்து நின்றாள்.

"அங்கேயே நில்லு முப்பிடாதி. வேப்பிலை கட்டின வீட்டுக்கு வெளியாள் வரப்பிடாது."

தங்கையை எதிர்கொள்ளத் தெருவில் நின்ற ஐயாத்துரையின் முகம் கறுத்துவிட்டது. "யாரைப் பாத்துட்டி வெளியாளுங்கே? அவ என் ரத்தம்."

"வாக்குக் குடுத்திருக்கேன் மதினி" என்றாள் முப்பிடாதி. கண் கலங்கியிருந்தது, ஆனால் காலைப் பின்னால் வைக்கவில்லை. "அண்ணன் குடுத்த உசுரு. அவன் பிள்ளைக்காகப் போனாப் போவட்டும்."

"மாத்திரை எப்போ போட்டே?"

"நேத்துக் காலைல."

செண்பகவல்லிக்குக் கோபம் தலைக்கேறியது. "எதுத்த கடையில தண்ணி வாங்கு. இப்போ போட வேண்டியதை என் கண் முன்னால முழுங்கு. விட்டதையும் சேத்து முழுங்கிராத. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி டாக்டரம்மாகிட்ட நடந்ததைச் சொல்லு."

"அவளை உள்ள விடு. இல்லைன்னா நீ உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பு" என்றான் ஐயாத்துரை.

"கிளம்புதேன். பிள்ளைக்கு அம்மை இறங்கித் தண்ணி ஊத்தின பெறவு கிளம்புதேன். அதுவரைக்கும் இவ இந்தப் படி ஏற முடியாது." அவள் குரல் தெருமுனை வரை கேட்டது. "ரத்தம் ரத்தம்ங்கீங்க. உங்க பிள்ளை என் உடம்புக்குப் பாதி வெளியாள்தான். அந்த உடம்பு அதைப் பத்து மாசம் ஒரு மாத்திரை இல்லாம வச்சிக்கிட்டுது. இவ உடம்பு இவ சொந்தச் சிறுநீரகத்தையே தின்னுச்சு. அது சொந்தம் பாத்தா செய்யுது? நீங்க குடுத்ததை மட்டும் அண்ணன்னு கண்டுக்கிடுமாக்கும்?"

முப்பிடாதி கடைக்குப் போனாள், மாத்திரையை விழுங்கினாள், திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள். நாத்தனாரை வெயிலில் நிறுத்தி விரட்டியவள் என்று ஊர் முழுக்கச் செண்பகவல்லியைத் தூற்றியது.

இப்போது சொல்லுங்கள். மகளின் அழுகை பொறுக்காமல் தங்கையை அழைத்தவன் ஐயாத்துரை. உயிரே போனாலும் வாக்குத் தவறக் கூடாதென்று வந்தவள் முப்பிடாதி. கட்டியவனின் கூடப்பிறந்தவளை வெளியாள் என்று சொல்லித் துரத்தியவள் செண்பகவல்லி. மூவரில் நியாயம் யார் பக்கம்?

விடை: செண்பகவல்லி பக்கம்தான். மற்ற இருவருக்கும் பாசம் இருந்தது, உடம்புக்குப் பாசம் தெரியாது. உள்ளே இருக்கும் காவலை எழுப்பினால் அண்ணன் கொடுத்தது போகும். உட்கார வைத்துக்கொண்டே முப்பிடாதி அம்மை கண்ட வீட்டுக்குள் நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் வெளியே ஒரு காவல் தேவைப்பட்டது, செண்பகவல்லி போய் நின்றாள். மன்னிப்புக் கேள் என்று ஊர் சொன்னது, அவள் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்தே முப்பிடாதி போனில் கூப்பிட்டாள். "மதினி, எங்க அண்ணனும் என் உடம்பு மாதிரிதான். யாரு சொந்தம், யாரு வெளியாள்னு அவனுக்குத் தெரியலை."