ராஜா குளிக்காத தண்ணீர்

முன்னொரு காலத்தில், மூன்று வருஷமாய் மேகம் எட்டிப் பார்க்காத காரைமேடு என்ற நாட்டைச் செவ்வந்திராயன் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தான். ஆண்டான் என்பதைவிட அரண்மனைக்குள் நடந்துகொண்டிருந்தான் என்று சொல்லலாம். சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் ஊஞ்சல் வேண்டும் என்பான். ஊஞ்சலில் ஏறினால் குதிரை வேண்டும் என்பான். குதிரை வந்து வாசலில் நிற்கும்போது அவன் மாடியில் இருப்பான்.

அப்படி நடந்தவன் ஒருநாள் காலையில் அரண்மனைக் கிணற்றை எட்டிப் பார்த்தான். "போன வாரம் ஐந்து படி தெரிந்தது. இன்றைக்கு ஏழு தெரிகிறது. என் தண்ணீரை யார் குடிக்கிறார்கள்?"

அரண்மனை அதிகாரி விருப்பாட்சி முன்னால் வந்தார். "தெற்குத் தெருக்காரர்கள்தான் மகாராஜா. அவர்கள் கிணற்றுக்கும் நம் கிணற்றுக்கும் ஒரே ஊற்று. நாற்பது வீடு. பொழுதன்றைக்கும் இறைக்கிறார்கள். அந்தக் கிணற்றைக் கல் வைத்து மூடிவிட்டால் நமக்குக் கவலை இல்லை."

விருப்பாட்சிக்குக் கோபம் தெருவின் மேல் இல்லை. அங்கே குடியிருந்த மாசாணத்தின் மேல். மாசாணம் அரண்மனையில் ஏற்றம் இறைப்பவன். அவன் பாட்டில் மயங்கி ஒருநாள் ராஜா தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்திவிட்டான். இருபது வருஷம் கும்பிட்டு முதுகு வளைந்த விருப்பாட்சிக்கு ஒரு நூல்கூட விழுந்ததில்லை. அன்று பிடித்த எரிச்சல் அது.

"மூடுங்கள்" என்று சொல்லிவிட்டு ராஜா நடந்தான்.

மாசாணம் இறைத்துக்கொண்டிருந்த சால் வாளியை விட்டுவிட்டு ஓடிவந்தான். "மகாராஜா, கிணற்றை மூடினால் நாற்பது குடும்பமும் பிள்ளைகுட்டியோடு நாட்டை விட்டுப் போகவேண்டியதுதான். திருடன் யாரென்று பார்த்துவிட்டுக் கையை வெட்டுங்கள்."

"எப்படிப் பார்ப்பது?"

"மூன்று நாள் கொடுங்கள். எங்கள் கிணற்றில் விருப்பாட்சி ஐயா தன் ஆளையே நிறுத்தி எண்ணட்டும். இங்கே நான் எண்ணுகிறேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். என்ன பாடினாலும் என் வாயை யாரும் அடைக்கக்கூடாது."

விருப்பாட்சி சிரித்தார். "ஓய் மாசாணம், பாடினால் ஊற்று பொங்குமா? சரி, பாடிப் பாரும். பாடி முடித்ததும் கல்லை நீரே தூக்கி வைக்கவேண்டும்."

"தோற்றால் வைக்கிறேன் ஐயா."

ராஜா சம்மதித்தான். அவனுக்கு மூன்று நாளைக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது.

ஏற்றம் இறைப்பவன் ஒவ்வொரு சாலுக்கும் ஓர் எண்ணைப் பாட்டில் வைத்துப் பாடவேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். மாசாணம் எண்ணோடு இன்னொன்றும் சேர்த்தான். தண்ணீர் யாருக்கு, எதற்கு என்பதையும் பாடினான்.

"சமையலுக்குப் பதினொண்ணு... ராணியம்மா மயிலுக்குப் பதினாறு... விருப்பாட்சி ஐயா பல்லக்கு கழுவ முப்பத்திரெண்டு..."

குரலோ மணி மாதிரி. கோட்டை வாசல் வரை கேட்டது. சந்தைக்குப் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். "முப்பத்திரெண்டா? பல்லக்கையா கழுவுகிறார், பாவத்தையா?" என்று ஒரு கீரைக்காரி கேட்டாள்.

மதியத்துக்குள் ராணியின் தோழி வந்தாள். "அண்ணே, அம்மா பேரைக் கொஞ்சம் மெதுவாய்ப் பாடக்கூடாதா?"

"மயிலுக்கு இரண்டு சால் போதும் என்று சொல் தாயி. பாட்டு தானே சின்னதாகிவிடும்."

முதல் நாள் அரண்மனைக்கு நானூற்றுப் பன்னிரண்டு சால் ஆயிற்று. மறுநாள் இருநூற்று எண்பது. மூன்றாம் நாள் பல்லக்கை ஈரத்துணியால் துடைத்தார்கள். எல்லார் பேருக்கும் எண் குறைந்தது. ஒரே ஒரு பேருக்கு மட்டும் எண் அசையவில்லை.

அதுவரை பாட்டைக் காதில் வாங்காமல் மாடியில் நடந்துகொண்டிருந்த ராஜா சட்டென்று நின்றான். கீழே மாசாணம் பாடிக்கொண்டிருந்தான்.

"ராஜா குளிச்சதுக்கு ஆறு... ராஜா குளிக்காததுக்கு எண்பத்திநாலு..."

ராஜா தடதடவென்று இறங்கி வந்தான். "குளிப்பதற்குத் தண்ணீர் வேண்டும். குளிக்காமல் இருப்பதற்கு எதற்கடா தண்ணீர்?"

"அதை அண்டாக்காரரிடம் கேட்கவேண்டும் மகாராஜா."

வெந்நீர் அண்டாவுக்கு விறகு தள்ளும் கிழவர் வந்தார். "போன வருஷம் ஒருநாள் மகாராஜா நடுப்பகலில் குளிக்க வந்தீர்கள். தண்ணீர் ஆறியிருந்தது. எனக்கு முன்னாலிருந்தவனை நாடு கடத்தினீர்கள். அன்றிலிருந்து இரண்டு நாழிகைக்கு ஒருமுறை புதுத் தண்ணீர், புது விறகு. பகலுக்குப் பதினைந்து அண்டா. நீங்கள் குளிப்பது ஒன்று."

"மீதி?"

"ராஜா அண்டாத் தண்ணீர் வேறு யார் மேலும் படக்கூடாது. செடிக்கும் ஆகாது. கோட்டைக்கு வெளியே பாறையில் கொட்டவேண்டும் என்று விருப்பாட்சி ஐயா உத்தரவு. ஒரு நாளைக்கு ஒரு வண்டி விறகு போகிறது."

ராஜா விருப்பாட்சியைப் பார்த்தான். "தெற்குத் தெருக் கணக்கு என்ன?"

விருப்பாட்சி திரும்பித் தன் ஆளைப் பார்த்தார். எண்ணப் போன ஆள்தான் சொன்னான். "நாற்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு எண்பது சால் அளவு மகாராஜா."

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ராஜா கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தான்.

"நாற்பது வீடு குடித்து, சமைத்து, துவைத்ததைவிட நான் குளிக்காமல் இருந்ததற்கு அதிகம் போயிருக்கிறது" என்றான். "உத்தரவு அவருடையது. அதற்குக் காரணமான கோபம் என்னுடையது. மாசாணம், இனிமேல் நான் குளிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினால்தான் அடுப்பு எரியவேண்டும். நாடு கடத்தியவனைத் திரும்பக் கூப்பிடுங்கள். இந்த நாட்டில் எந்தக் கிணற்றை மூடவும் திறக்கவும் இனி உன் சொல்தான்."

"எனக்கு என்ன உத்தரவு மகாராஜா?" என்றார் விருப்பாட்சி, மெதுவாக.

"உம் தண்ணீரை நீரே இறைக்கவேண்டும் ஓய். பாடிக்கொண்டே."

மறுநாள் காலையில் தெற்குத் தெருப் பெண்கள் தங்கள் கிணற்றில் குடத்தை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கோட்டைக்குள்ளிருந்து கட்டைக்குரல் ஒன்று கேட்டது. "விருப்பாட்சி குளிக்க ஒண்ணு... விருப்பாட்சி குளிக்க ரெண்டு..."

மூன்று வரவில்லை. வெகுநேரம் காத்திருந்து பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, "ரெண்டிலேயே சுத்தமாகிவிட்டாரடி" என்று சொல்லிக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.