பூபாலராயன் வாசலில் நாற்பது வண்டிக் கல்

முன்னொரு காலத்துல செண்பகராயன்னு ஒரு ராஜா மலையடிவாரச் சீமையை ஆண்டான். வெத்தலை மென்னுக்கிட்டே ஊரையே தாரை வார்க்கிற ஆளு. பூபாலராயன்னு ஒரு அரசவைக்காரன் நாலு வார்த்தை புகழ்ந்தான்னு, ஆனைக்காடு முழுசையும் செப்பேட்டுல எழுதிக் கொடுத்துட்டான். ரெண்டு பேருமே அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை.

பஞ்சம் பிழைக்க வந்த முப்பது குடும்பம், யாரு காடுன்னு தெரியாமலே அதைத் திருத்திச்சு. பன்னிரண்டு வருஷம் கல்லைப் பொறுக்கி, முள்ளை வெட்டி, கிணறு தோண்டிச்சு. அவங்கள்ல ஒருத்தியான வேலாத்தாவோட புருஷன் அங்கேதான் பாம்பு கடிச்சுச் செத்தான். கம்பு விளைஞ்சு நின்னதும் பூபாலராயன் செப்பேட்டைத் தூக்கிக்கிட்டு வந்து, "எட்டு நாள்ல காலி பண்ணுங்க"ன்னான். நினைச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது.

வேலாத்தா நேரா சபைக்குப் போனா. "செப்பேட்டுல எதெது அவருதுன்னு இருக்கு? படிக்கச் சொல்லுங்க மகாராஜா."

பூபாலராயன் நெஞ்சை நிமிர்த்திப் படிச்சான். "நான்கெல்லைக்கு உட்பட்ட கல்லும் முள்ளும் புற்றும் புதரும்... எல்லாம் என் சொத்து. ஒரு கல்லைக்கூட விடமாட்டேன்."

"சரிங்க சாமி. உங்க சொத்தை உங்ககிட்டயே சேர்த்துடறோம்." ராஜாவும் தலையாட்டினான்.

மறுநாள் காலையில நாற்பது வண்டி வந்துச்சு. வரப்போரம் குவிச்சு வெச்சிருந்த கல் அத்தனையையும் பூபாலராயன் மாளிகை வாசல்ல கொட்டி, மேல முள்ளைப் போட்டாங்க. பல்லக்கு வெளியே வர வழியில்லை. அவன் கொல்லைச் சுவர் ஏறிக் குதிச்சு, வேட்டி கிழிய சபைக்கு ஓடினான்.

"மகாராஜா, அந்தக் கண்றாவியை அள்ளிட்டுப் போகச் சொல்லுங்க. எனக்கு வேணாம்."

பின்னாலயே வேலாத்தா வந்தா. "உங்களுக்குக் கொடுத்த காடு அதுதானே சாமி? மிச்சம் இருக்கிறது வயலும் கிணறும். அது ரெண்டும் அந்தச் செப்பேட்டுல எங்கே இருக்கு? காட்டுங்க."

அவன் ஏட்டை முன்னும் பின்னும் திருப்பினான். ஒண்ணும் இல்லை. சபையே சிரிச்சுது.

ராஜாவும் சிரிச்சான். "கெட்டிக்காரி! வயலும் கிணறும் உங்களுக்கே. ஏய் பூபாலராயா, அந்தக் கல்லை உன் கையாலயே அள்ளிப் போடு, ஆள் வைக்கக் கூடாது." கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவகிட்ட நீட்டினான்.

வேலாத்தா வாங்கலை. "சிரிக்காதீங்க மகாராஜா. என் புருஷன் செத்த மண்ணை, பார்க்காமலே இவருக்குக் கொடுத்தீங்க. இப்பவும் பார்க்காமத்தான் எங்களுக்குக் கொடுக்கறீங்க. நாளைக்கு இன்னொருத்தர் வந்து புகழ்ந்தா என்ன பண்ணுவீங்க? வந்து நடந்து பார்த்துட்டு எழுதுங்க."

ராஜாவுக்கு முகம் சுண்டிப்போச்சு. எழுந்தான். அன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் நாலு எல்லையையும் அவளுக்குப் பின்னால நடந்து பார்த்தான். அதுக்கப்புறம்தான் முப்பது குடும்பத்துப் பேரும் செப்பேட்டுல ஏறிச்சு.