நுண்ணுயிருக்குள் ஒரு சுருள்

பாளையங்கோட்டையில் ஓர் ஆய்வுக்கூடம். உயிரணுவின் உட்புறத்தைப் படமெடுப்பதிலேயே தலை நரைத்தவர் அங்கிருந்த பேராசிரியர் அருமைநாயகம். அவரிடம் ஆய்வு செய்தவள் குழல்வாய்மொழி. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே, விடுமுறையையெல்லாம் நுண்ணோக்கிக்குக் கொடுத்து, அவளுக்கும் நரை கண்டுவிட்டது. “முனைவர் அம்மா எப்போது?” என்று உடன் பணியாற்றுவோர் கேட்பது கேலியாகிப் பல காலம் ஆயிற்று.

மறுநாள் அவள் தேர்வாளர்கள் முன் நிற்க வேண்டும். இரண்டு படங்களோடு ஆசிரியரின் அறைக்குள் வந்தாள்.

“ஐயா, சுருளைக் காணோம்.”

பாக்டீரியாவின் உள்ளே மடிந்து கிடக்கும் ஒரு சவ்வுச் சுருள். அதை முதலில் கண்டு சொன்னவர் அவர். அது அங்கே என்ன வேலை செய்கிறது என்பதே அவளுடைய ஆய்வு.

“எதில் காணோம்?”

“வழக்கம்போல் பதப்படுத்தும் மருந்தில் ஊறவைத்ததில் இருக்கிறது. மருந்தே படாமல், புது முறையில் நொடியில் உறையவைத்ததில் இல்லை. எத்தனை முறை எடுத்தாலும் இல்லை.”

அவர் படங்களை நெடுநேரம் பார்த்தார்.

“மருந்து பட்டதும் அந்த உயிர் துடித்திருக்கிறது, சவ்வு சுருண்டிருக்கிறது. அந்தத் துடிப்பை நாம் உறுப்பு என்றோம்.”

“மருந்தில் ஊறியவற்றிலும் சுருள் இல்லாத படங்கள் வந்தனவே, ஐயா. அவற்றை என்ன செய்தோம்?”

“பதம் தவறியவை, கிழித்துப் போடு என்றேன். கிழித்தாய்.”

“ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.”

“கேட்டாய். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது வேறாகிவிட்டது.

“நாளை இதை அவர்கள் முன் வைக்கலாமா?”

அவர் மருந்துக் குப்பியின் தக்கையைப் பிடுங்கினார். பிளேடால் மெல்லியதாக ஒரு சீவல் எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்.

“பார்.”

“அறை அறையாகத் தெரிகிறது.”

“உள்ளே?”

“ஒன்றுமில்லை. சுவர்தான்.”

“முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பு ஒருவர் இதைத்தான் பார்த்தார். சிற்றறை என்று பெயரிட்டார். செல் என்று நாம் சொல்வது அந்தப் பெயரைத்தான். குடியிருந்தது செத்துப்போன வீடு அது.”

“அவரையாவது உலகம் கொண்டாடுகிறது. எனக்குப் பட்டம்?”

“கிடையாது. நாளை அங்கே போகாதே. சுருள் என ஒன்று இல்லை என்று நானே எழுதிவிடுகிறேன்.”

“கண் கெட்ட பின் சூரிய வணக்கமா, ஐயா?”

அவர் தலை குனிந்தார்.

அவள் ஆய்வேட்டை அவர் முன் விரித்துப் போட்டாள். பக்கத்துக்குப் பக்கம் அவள் கையால் மையிட்டு வரைந்த சுருள்கள்.

“அப்படியானால் இவ்வளவு காலமும் நான் எதை வரைந்தேன்? அதையாவது சொல்லுங்கள்.”

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு வளைவின் மீதும் விரலை ஓட்டினார்.

“சாவை, அம்மா. ஒரு கோடும் பிசகாமல் வரைந்திருக்கிறாய்.”