ராணி நட்ட காந்தள்

முன்னொரு காலத்தில் காரைநாடு என்று ஒரு நாடு. அதை ஆண்ட ராஜா தென்னவராயன். கெட்டவன் இல்லை. காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி, அவ்வளவுதான்.

அவன் ராணி ஒரு கார்த்திகையில் செத்துப்போனாள். அவள் தன் கையால் நட்ட செங்காந்தள் அப்போது வேலியெல்லாம் ஏறி, தீப்பிடித்த மாதிரி பூத்துக் கிடந்தது. ராஜா அழவில்லை. கொடியின் பக்கத்தில் ஆசனம் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

“இது பூத்திருக்கிற வரைக்கும் அவள் போகவில்லை” என்றான்.

ராஜாவை யார் மறுத்துப் பேசுவது?

தை பிறந்தது. இலை மஞ்சளித்தது, கொடி காய்ந்து சருகானது. கடைசியில் வெறும் மண். தோட்டக்காரன் ஒச்சனைப் பிடரியில் கைவைத்து இழுத்து வந்தார்கள்.

“கொன்னுட்டியேடா, பாவி!”

“சாகலை மகாராஜா, தூங்குது. கிழங்கு உள்ளே இருக்கு. ஆடி மழைக்கு எழும்பும்.”

பக்கத்தில் பூபாலர் நின்றார். அரண்மனைப் பிரபு, ராஜாவுக்குச் செல்லம். அவர் கப்பலில் வரவழைத்த செடிகளை ராணி ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஒச்சன் காட்டிலிருந்து கொண்டுவந்த காந்தளைத்தான் நட்டாள். அந்தப் புகைச்சல் அவருக்கு.

“செடி தூங்குமாம்! கேட்டீர்களா மகாராஜா? குடம் தூக்க வளையாத உடம்பு, வேறென்ன? என்னிடம் விடுங்கள். தினம் பத்துக் குடம் ஊற்றிச் சித்திரைக்குள் பூக்க வைக்கிறேன். பூக்காவிட்டால், இவன் முன்னமே கொன்றுவிட்டான் என்று அர்த்தம்.”

“பூக்காவிட்டால் இவன் தலை” என்றான் ராஜா.

எப்படிப் போனாலும் பூபாலருக்கு நட்டமில்லை. தூங்குகிற கிழங்கு தண்ணீர் குடிக்காது. ஊற்றினால் அழுகும். ஒச்சன் முதலில் கத்திப் பார்த்தான். காவலர்கள் மிதித்தார்கள். பிறகு சும்மா உட்கார்ந்து ஒவ்வொரு குடமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மண் சேறானது. பங்குனியில் சேற்றிலிருந்து ஒரு வாடை வந்தது. அது என்ன வாடை என்று அவனுக்குத் தெரியும். வீட்டுக்குப் போய், “எனக்குச் சோறு வைக்காதே” என்று பெண்டாட்டியிடம் சொன்னான்.

பிறகு அமைச்சர் செங்கோடரிடம் போனான். தலை தப்பும் என்று நம்பிப் போகவில்லை.

“என் தலை போகட்டும் சாமி. அந்தத் தண்ணியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. ராணியம்மா கையால வச்சது.”

செங்கோடர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சொன்னால் கேட்கிற ராஜாவா அவன்? நாளைக்குப் பத்துக் குடம் தண்ணீர் கொண்டு வா.”

மறுநாள் மத்தியானம் ராஜா உண்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஒச்சன் பத்துக் குடத்தையும் வாசலில் இறக்கி வைத்தான். செங்கோடர் உள்ளே போனார். ஒரு குடத்தை அப்படியே ராஜாவின் முகத்தில் கவிழ்த்தார்.

“ஐயோ, கொலை! கொலை!”

பூபாலரும் மற்றவர்களும் ஓடிவந்தார்கள். ராஜா தலைப்பாகை இல்லாமல் நனைந்த கோழி மாதிரி நின்றான். “ஓய் அமைச்சரே! பைத்தியமா உமக்கு?”

“மன்னிக்கணும் மகாராஜா. கூப்பிட்டேன், அசையவில்லை. செத்துவிட்டீர்களோ என்று பயந்தேன். அசையாமல் கிடந்தால் பத்துக் குடம் ஊற்ற வேண்டும், அதுதானே பூபாலர் வைத்தியம்? இன்னும் ஒன்பது வெளியே இருக்கிறது.”

“தூங்கினேனய்யா! செத்தவன் யார், தூங்குகிறவன் யார் என்று தெரியாதா?”

“எனக்கும் தெரியவில்லை, பூபாலருக்கும் தெரியவில்லை. ஒச்சன் சொன்னான். நாம் கேட்கவில்லை.”

ராஜா சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் நின்றுவிட்டது. மோதிரத்தைக் கழற்றி அமைச்சர் கையில் திணித்தான். ஒச்சன் தலை தப்பியது. “பூபாலரே, ஆடி வரைக்கும் அந்த மண்ணில் ஒரு சொட்டு விழக்கூடாது. கோடை மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு நீர்தான் நிற்க வேண்டும்” என்றான். சபையே வாய்பொத்திச் சிரித்தது.

ஒச்சன் சிரிக்கவில்லை. சேற்றைக் கையாலேயே தோண்டினான். ராஜா பக்கத்தில் வந்து குனிந்தான். காந்தள் கிழங்கு கலப்பை மாதிரி இரண்டு கிளையாக இருக்கும். ஒரு கிளை கூழாகி விரலோடு வந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. மற்றது கெட்டியாக இருந்தது. அழுகலை அறுத்து, சாம்பல் தடவி, காய்ந்த மணலில் வைத்து மூடினான்.

“பிழைக்குமா?”

“தெரியாது மகாராஜா.”

“பிழைக்காவிட்டால்?” என்று ராஜா அமைச்சரைப் பார்த்துக் கேட்டான்.

“அழுங்கள்” என்றார் செங்கோடர். “நீங்கள் இன்னும் அழவில்லை.”

ஆடி மழைக்கு நூல் மாதிரி ஒரு முளை வந்தது. முழ உயரம் வளர்ந்தது. கார்த்திகை வந்தது. ஊர்க்காட்டில் காந்தளெல்லாம் சிவந்து நின்றன. இதில் ஒரு மொட்டுக்கூட இல்லை. ராஜா தினமும் வந்து பார்த்தான்.

“பூக்காதா ஒச்சா?”

“இந்த வருசம் பூக்காதுங்க. பிழைச்சதே பெரிசு.”

ராஜா தரையிலேயே உட்கார்ந்தான். கிரீடம் அணிந்த தலை முழங்காலில் கவிழ்ந்தது. தோள் குலுங்கியது. ஒச்சன் காவலர்களை அப்பால் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். போனார்கள்.