டில்லி கொடுத்த பாஸ்

காட்டுக்குள் ஆசிரமம் கட்டியவர்தான் குருவா என்ன? எத்திராஜ் மாஸ்டருக்கு வியாசர்பாடியில் ஒரு மண் கிரவுண்டும் கழுத்தில் ஒரு விசிலும் இருந்தன. அது போதும். அவரிடம் திட்டு வாங்கியே பெரிய ஆட்டக்காரர் ஆனவர்கள் உண்டு. அதிகம் வாங்கியவன் டில்லிபாபு.

டில்லி ஃபுட்பாலில் மிட்ஃபீல்டர். நடுவில் நின்று பந்தை வாங்கி, முன்னால் ஓடுகிறவனுக்குக் கொடுப்பது அவன் வேலை. கோவா, கொல்கத்தா என்று பெரிய கிளப்புகளுக்குச் சம்பளத்துக்கு ஆடினான். அம்மாவுக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்தான். இப்போது முட்டி தேய்ந்துபோய்விட்டது, போதும்ப்பா என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இதே கிரவுண்டில் அவனை வழியனுப்ப ஒரு மேட்ச், கடைசியாக அவனும் ஆடுவான். முடிந்ததும் கையில் மைக்கைக் கொடுப்பார்கள்.

சனிக்கிழமை காலையிலேயே மாஸ்டரைத் தேடி வந்துவிட்டான்.

"மாஸ்டர், நாளைக்கு நன்றி சொல்லணும். ஒருத்தரையும் விட்டுடக் கூடாது. விட்டுட்டா அப்புறம் எந்த மைக்ல போய்ச் சொல்றது? அதே கவலையா இருக்கு."

"யார் யாரை வச்சிருக்க?"

"அம்மா. நீங்க. கிளப்காரங்க. டாக்டர். அப்புறம், நான் குடுத்த பந்தை கோல் ஆக்கினவங்க எல்லாரும். அவங்க இல்லன்னா நான் ஏது?"

"சரிதான்," என்றார் மாஸ்டர். "ஃபைனல்ல ஒரு பாஸ் குடுத்தியே, அதை இப்ப குடு, பார்க்கலாம்."

அந்த பாஸைத் தெரியாதவர் வியாசர்பாடியில் கிடையாது. கடைசி நிமிடம். நடுக்கோட்டிலிருந்து, தடுக்க நின்ற இரண்டு பேருக்கு நடுவே தரையோடு தரையாகப் போன பந்து. வலது பக்கம் ஓடியவன் கோல் அடித்தான், கப் வந்தது. டீக்கடையில் கிளாஸ்களை நிறுத்தி வைத்து இன்றைக்கும் அதை நடத்திக் காட்டுகிறார்கள்.

மாஸ்டர் விசில் ஊதினார். பிராக்டிஸில் இருந்த பெண்கள் அணி ஓடி வந்தது. இரண்டு பேரைத் தடுக்க நிறுத்தினார். வலது பக்கம் ஓடுவதற்கு மோனிஷா.

டில்லி கொடுத்தான். தடுத்துவிட்டார்கள். மறுபடி கொடுத்தான். காலை நீட்டி எடுத்துக்கொண்டார்கள்.

"இன்னாண்ணா, இதுக்கா கப்பு குடுத்தாங்க?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். டில்லிக்கு மானம் போனது.

"வயசாயிடுச்சு மாஸ்டர்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல." மாஸ்டர் கலைவாணி என்ற பெண்ணைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். "இப்ப குடு."

டில்லி பந்தைத் தொட்டதும் கலைவாணி இடது பக்கம் பாய்ந்தாள். "அண்ணா! எனக்கு! எனக்குக் குடு!" கையைத் தூக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். தடுக்க நின்ற ஒருத்தி பதறிப்போய் அவள் பின்னால் ஓடினாள். நடுவில் பளிச்சென்று வழி திறந்தது. பந்து போனது. மோனிஷா அடித்தாள். கோல்!

பெண்கள் மோனிஷாவைக் கட்டிக்கொண்டார்கள். "செம பாஸுண்ணா!" என்று டில்லியைக் கொண்டாடினார்கள். கலைவாணி இடது மூலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அப்புறம் தனியாக நடந்து வந்தாள்.

டில்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயையோ, பசுபதி!" என்றான். "அன்னைக்கு இடது பக்கம் பசுபதி ஓடினான் மாஸ்டர். 'குடு, குடு'ன்னு காட்டுக் கத்தல் கத்தினான். மேட்ச் முடிஞ்சதும் நான் அவனைத் திட்டினேன். பந்துக்கு ஏன்டா இப்படி அலையறன்னு."

"அவன் இன்னா சொன்னான்?"

"சிரிச்சான். கப்பைத் தூக்கி என் கையில குடுத்தான்."

டில்லிக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை பேர் நிற்கிறார்களே என்று அவன் பார்க்கவில்லை.

"இப்பவே போன் பண்றேன். நாளைக்கு அவன் மேடைக்கு வந்தே ஆகணும்."

"பண்ணு. மத்த மேட்ச்ல எல்லாம் யார் ஓடினாங்க?"

டில்லி யோசித்தான். கோல் அடித்தவர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. வேறு பக்கம் ஓடியவர்களில் ஒரு முகம்கூட வரவில்லை. ஆனால் ஓடியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் அத்தனை வழி எப்படித் திறந்திருக்கும்? எத்தனை பேர் தனக்காக மூச்சு வாங்கினார்களோ என்று நினைக்க நினைக்க அவன் மனசு பொங்கியது.

"யாருன்னே தெரியல மாஸ்டர். அவங்களுக்கெல்லாம் மைக்ல எப்படி நன்றி சொல்வேன்?"

"மைக்ல முடியாது. நாளைக்கு மேட்ச்ல யார் காலுலயாவது பந்து இருக்கும் இல்ல? வேற பக்கமா ஓடு. கையைத் தூக்கிக் கத்து."

"பந்து எனக்கு வரலன்னா?"

"வரக் கூடாதுடா," என்றார் மாஸ்டர்.